ஒரே சீட்டில் இரண்டு தீர்ப்பு

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநில வாக்காளர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டு நீளமானது. மேல்பகுதி முழுக்கப் பெயர்கள்: அதிபர், செனட் உறுப்பினர், மாநில ஆளுநர் (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், நம் முதலமைச்சருக்கு நிகர்), பிறகு மற்றப் பதவிகள். பெயர்கள் தீர்ந்ததும் கேள்விகள் தொடங்கின. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கலாமா? குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, சம்பளத்தோடு நோய் விடுப்பும் கொடுக்கலாமா? விளையாட்டுப் பந்தயத்தில் பணம் கட்டுவதைச் சட்டப்படி அனுமதிக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு இடம். எண்ணி முடித்தபோது, பெயர்ப் பகுதியில் குடியரசுக் கட்சி அடித்துத் தள்ளியிருந்தது. டிரம்புக்கு 58.5 சதவீதம், ஆளுநர் பதவிக்கு நின்ற மைக் கீஹோவுக்கு 59 சதவீதம். ஆனால் கேள்விப் பகுதியில், அந்தக் கட்சித் தலைவர்கள் கடுமையாக எதிர்த்த கருக்கலைப்பு உரிமை 51.6 சதவீதம் பெற்று வென்றது. வணிகச் சங்கங்கள் விரும்பாத கூலி உயர்வும் விடுப்பும் 57.6 சதவீதம் பெற்று வென்றன. 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நீக்கியபோது, அதே நாளில் தடையை அமலுக்குக் கொண்டுவந்த மாநிலம் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கூட்டல் கணக்குப் போட்டாலே ஒன்று தெரியும். வாக்களித்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். டிரம்புக்கு விழுந்தவை 17.5 லட்சம், கருக்கலைப்பு உரிமைக்கு விழுந்த ஆம் வாக்குகள் 15.4 லட்சம். இரண்டையும் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டி ஏறத்தாழ 3 லட்சம் மிஞ்சுகிறது. அதாவது, குறைந்தபட்சம் ஏறத்தாழப் பத்தில் ஒருவராவது ஒரே சீட்டில் மேலே டிரம்புக்கும் கீழே ஆம் என்பதற்கும் குறி போட்டிருக்கிறார். கூலிக் கேள்வியில் அந்தக் கணக்கு ஏழில் ஒருவருக்கு வருகிறது. இவை கருத்துக்கணிப்பில் சொன்ன பதில்கள் இல்லை, எண்ணப்பட்ட வாக்குகள். தேர்தலில் வென்ற கட்சி தன் கொள்கை முழுவதற்கும் மக்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வதை இந்தக் கணக்கு மறுக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கை, அவருடைய ஒவ்வொரு கொள்கைக்கும் போட்ட வாக்காகப் படிப்பது பிழை. கேள்வியைத் தனியாகக் கேட்டு மக்கள் தனியாகப் பதில் சொன்ன பிறகும் அப்படிப் படிப்பது பிழையைவிட மோசமானது. இதுதான் என் வாதம்.

இந்த முறை அங்கே புதிதில்லை. மக்களே கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமையை 1898இல் முதலில் ஏற்றது தெற்கு டகோட்டா, 1902இல் ஆரகன். கலிஃபோர்னியாவில் சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனி சட்டமன்றத்தையே தன் சட்டைப்பையில் வைத்திருந்த காலத்தில், அதை எதிர்த்தே ஆளுநரான ஹிராம் ஜான்சன் 1911இல் இந்த உரிமையைக் கொண்டுவந்தார். (அதே நாள் நடந்த வாக்கெடுப்பில்தான் அம்மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது. அதற்கு வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.) இன்று ஏறத்தாழப் பாதி மாநிலங்களில் இந்த வழி இருக்கிறது. அது சுலபமான வழி என்று நினைத்துவிடக் கூடாது. மிசூரியில் அரசியலமைப்பைத் திருத்தும் முன்மொழிவு என்றால், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீத அளவுக்குக் கையெழுத்து வேண்டும். மாநிலத்தின் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஆறிலாவது அந்த அளவு எட்டப்பட வேண்டும். சாதாரணச் சட்டம் என்றால் 5 சதவீதம் போதும். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகிறது.

மிசூரி விதிவிலக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. ஃபுளோரிடாவில் 2020இல் டிரம்ப் வென்றார், அதே நாளில் 15 டாலர் கூலிக்கு 60.8 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். டிரம்ப் 56 சதவீதம் பெற்ற கான்சாஸில், 2022 ஆகஸ்டில் கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பிலிருந்து எடுக்கச் சட்டமன்றம் வைத்த முன்மொழிவை 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். எதிர்த் திசையிலும் இப்படித்தான் நடக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான கலிஃபோர்னியா 2020இல் பைடனுக்கு 63 சதவீதம் கொடுத்தது. அதே சீட்டில், இன அடிப்படையிலான முன்னுரிமையை அரசுக் கல்லூரிகளிலும் வேலைகளிலும் மறுபடி அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2024இல் திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கூட்டும் முன்மொழிவை ஆளுநர் கேவின் நியூசம் எதிர்த்தார். அது 68 சதவீதம் பெற்றது. நம் நாட்டிலும் ஒரு முறை இது நடந்தது. மகாராஷ்டிரத்துடன் இணைய வேண்டும் என்று சொல்லி 1963 தேர்தலில் கோவாவில் ஆட்சியைப் பிடித்தது மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி. 1967 ஜனவரியில் இணைப்பை மட்டும் தனிக் கேள்வியாக வைத்தபோது மக்கள் 34,021 வாக்கு வித்தியாசத்தில் மறுத்தார்கள். சில வாரங்களில் வந்த சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சியையே மறுபடி ஆட்சியில் அமர்த்தினார்கள். அந்தக் கட்சியின் தலைவர் பண்டோத்கர் முதல்வராக வேண்டும், ஆனால் கோவா கோவாவாகவே இருக்க வேண்டும் என்று அந்த மக்கள் நினைத்ததில் எந்தக் குழப்பமும் இல்லை.

வேட்பாளர் என்பவர் ஒரு மூட்டை. விலைவாசி, குடியேற்றம், துப்பாக்கி, வரி, மதம், ஆளின் குணம், எதிரே நிற்பவர் மேல் உள்ள வெறுப்பு எல்லாம் அதற்குள் கட்டிக் கிடக்கின்றன. இரண்டே கட்சி உள்ள நாட்டில் இரண்டே மூட்டை. ஒன்றை எடுத்தால் அதிலுள்ள அத்தனையையும் எடுக்க வேண்டும். வாக்காளர் எதை நினைத்து எடுத்தார் என்பது வெளியே தெரியாது, வென்றவர் தனக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொள்ளலாம். ஊருக்குப் போகிறவர் வீட்டையும் தோப்பையும் பார்த்துக்கொள்ள ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார், கூடவே இந்தக் கிணற்றோரத்து மாமரத்தை மட்டும் வெட்டாதே என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். பவர் என்னிடம்தானே இருக்கிறது என்று அந்த மரத்தை வெட்டினால் அதை யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். பொதுவாகக் கொடுத்த அதிகாரமும் குறிப்பாகச் சொன்ன சொல்லும் மோதும்போது, குறிப்பாகச் சொன்னதுதான் நிற்க வேண்டும்.

மிசூரியில் மரம் வெட்டப்பட்டது. வாக்காளர்கள் ஏற்ற விடுப்புச் சட்டம் மிக எளிமையானது: முப்பது மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் சம்பளத்தோடு விடுப்பு சேரும். பதினைந்து பேருக்குக் குறைவான கடையில் ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை, பெரிய நிறுவனத்தில் 56 மணி நேரம் வரை எடுக்கலாம். ஓட்டலில் பாத்திரம் துலக்குகிறவர் காய்ச்சலோடு வேலைக்கு வராமலிருக்க அல்லது பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு வருஷத்தில் ஐந்து முதல் ஏழு நாள். 2025 மே 1 அன்று அது அமலுக்கு வந்தது. வணிக அமைப்புகள் தொடுத்த வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே தள்ளுபடி செய்திருந்தது. ஆனால் சட்டமன்றம் அதை ரத்து செய்து மசோதா நிறைவேற்றியது. அதே சீட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் கீஹோ ஜூலையில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 28ஆம் தேதியோடு விடுப்பு போயிற்று. 15 டாலர் கூலி தப்பியது, ஆனால் விலைவாசிக்கு ஏற்ப அது உயரும் என்ற பிரிவை எடுத்துவிட்டார்கள். சிறு வணிகர்களால் தாங்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது பேச வேண்டிய காரணம்தான். ஆனால் பிரச்சாரத்தின்போதே எடுத்துவைக்கக் கூடிய வாதம் அது, அதைத் தெரிந்துகொண்டே பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆம் என்று குறி போட்டார்கள்.

விடுப்பை ஒரே மசோதாவில் அழித்த அதே சட்டமன்றத்தால் கருக்கலைப்பு உரிமையை அப்படிச் செய்ய முடியவில்லை. முன்னது சாதாரணச் சட்டம், சாதாரணப் பெரும்பான்மையில் ரத்து செய்யலாம். பின்னது அரசியலமைப்புத் திருத்தம், அதை மாற்ற மக்களிடம்தான் திரும்பப் போக வேண்டும். ஆகவே 2025 மே மாதம் சட்டமன்றம், அந்த உரிமையை நீக்கும் முன்மொழிவை 2026 நவம்பர் வாக்குச்சீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அதோடு வயது வராதவர்களுக்குப் பாலினமாற்றச் சிகிச்சையைத் தடை செய்வதையும் ஒன்றாகக் கட்டியது. தனியாகக் கேட்டால் தோற்றுவிடும் கேள்வியை, ஜெயிக்கக் கூடியதாகத் தோன்றும் இன்னொன்றோடு சேர்த்துக் கட்டுவது மறுபடி மூட்டை கட்டுவதுதான். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் திருத்தத்தை 2020இல் மக்கள் ஏற்ற பிறகு, சட்டமன்றம் அதற்கு நிதி ஒதுக்க மறுத்ததும், 2021 ஜூலையில் நீதிமன்றம் தலையிட்டே அது நடைமுறைக்கு வந்ததும் இதே மாநிலத்தில்தான். அங்குள்ள இயக்கங்கள் இதிலிருந்து கற்கும் பாடம் ஒன்றே: இனி எதையும் சட்டமாகக் கேட்காதே, அரசியலமைப்பிலேயே எழுது. விடுப்புக் கணக்கும் கூலித் தொகையும் அரசியலமைப்பில் ஏறிக்கொண்டே போனால் அந்த நூல் கெட்டுப்போகும் என்று கவலைப்படுகிறவர்கள், அப்படி ஏற்றச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டமன்றம் மக்களிடமிருந்து இவ்வளவு விலகி நிற்பது எப்படி? தொகுதி எல்லைகள்தான் பெரும்பாலும் காரணம். பல மாநிலங்களில் எல்லைகளை ஆளுங்கட்சியே வரைகிறது. பெரும்பாலான தொகுதிகளில் பொதுத் தேர்தலுக்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. உண்மையான போட்டி கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலில்தான். அங்கே வாக்களிக்க வருகிறவர்கள் குறைவு, தீவிரமானவர்கள் அதிகம். உறுப்பினர் பயப்பட வேண்டியது அவர்களுக்குத்தான். மாநிலம் முழுக்க ஒரே கேள்வியாக வைக்கும்போது இந்த எல்லைகள் மறைந்து, எல்லோருடைய வாக்கும் ஒரே எடையாகிறது. தொகுதி வரைவையே சீர்திருத்தும் திருத்தத்தை 2018இல் மிசூரி மக்கள் 62 சதவீதத்தில் ஏற்றார்கள். அது பயன்படும் முன்பே 2020இல் சட்டமன்றம் இன்னொரு வாக்கெடுப்பை வைத்து, மயிரிழையில் வென்று அதைக் கவிழ்த்தது. ஜனநாயகக் கட்சியினரும் இதில் சுத்தமில்லை. மாசசூசெட்ஸில் சட்டமன்றத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் அதிகாரத்துக்கு 2024இல் 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. அங்கே பெரும்பான்மையாக இருக்கும் அந்தக் கட்சியின் தலைவர்கள் கணக்கைத் திறக்க மறுத்தார்கள்.

மக்களுக்கு இவ்வளவு சிக்கலான கேள்விகள் புரியாது என்பது நேரடி வாக்கெடுப்புக்கு எழும் முதல் ஆட்சேபம். கான்சாஸ் அதற்குப் பதில். அங்கே கேள்வியின் வாசகம் நீளமாகவும் சுற்றி வளைத்தும் இருந்தது. கருக்கலைப்பு உரிமை வேண்டும் என்கிறவர் இல்லை என்று வாக்களிக்க வேண்டும். ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து, தெளிவாகவே பதில் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் மாநில அரசே ஒரு கையேடு அனுப்புகிறது. முன்மொழிவின் முழு வாசகம், கட்சி சாராத ஆய்வாளர் போட்ட செலவுக் கணக்கு, ஆதரவாளர் வாதம், எதிர்ப்பாளர் வாதம், இரண்டுக்கும் மறுப்பு என எல்லாம் அதில் இருக்கும். வேட்பாளரைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் எழுதி அனுப்புவதில்லை. ஆனால் வாசகம் முடிவையே மாற்றும் என்பதை மறுக்க மாட்டேன். 2024இல் சிறைக்கைதிகளைக் கட்டாய வேலை வாங்குவதை ஒழிக்கும் கேள்வி இரண்டு அண்டை மாநிலங்களில் வந்தது. சீட்டில் அடிமைத்தனம் என்ற சொல் இருந்த நெவாடாவில் 60 சதவீதத்தோடு வென்றது, அந்தச் சொல் இல்லாத கலிஃபோர்னியாவில் தோற்றது. ஆகவே கேள்வியை எழுதும் பேனா கட்சிக்காரர் கையில் இருக்கக் கூடாது. கேள்வியே கேட்கக் கூடாது என்ற முடிவு இதிலிருந்து வராது.

பணம் அடுத்த ஆட்சேபம், இது கனமானது. 2020இல் ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் போன்ற கம்பெனிகள் தங்கள் ஓட்டுநர்களை ஊழியர் என்று கணக்கிடத் தேவையில்லை என்ற சட்டத்துக்காகக் கலிஃபோர்னியாவில் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின, ஜெயித்தன. அதைத் திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்ற பூட்டையும் உள்ளேயே போட்டுக்கொண்டன. சதர்ன் பசிபிக்கை அடக்க வந்த கருவி இன்னொரு கம்பெனியின் கையில் போய்ச் சேர்ந்த கதை இது, எனக்கு மிகுந்த வருத்தம் தரும் கதை. பணத்துக்கு எல்லை போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே பணம் வேட்பாளர்களையும் வாங்குகிறது. அங்கே யாருக்காக எவ்வளவு செலவானது, பதிலுக்கு என்ன கிடைத்தது என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். வாக்கெடுப்பில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் ஆட்சேபம் சிறுபான்மையினர் பற்றியது. கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மறுப்பதைத் தடுத்த சட்டத்தை, 1964இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 65 சதவீதத்தில் செல்லாததாக்கினார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பை அடித்து நொறுக்கியது. 2008இல் ஒபாமாவுக்கு 61 சதவீதம் கொடுத்த அதே சீட்டில், ஒரே பாலினத்தவர் திருமணத்தை 52 சதவீதம் பேர் தடை செய்தார்கள். நீதிமன்றங்கள் வழியாக அந்தத் தடை 2013இல் விலகியது. அரசியலமைப்பிலிருந்து அந்த வரியை எடுக்க 2024வரை ஆயிற்று. ஒருவருடைய அடிப்படை உரிமையை அடுத்த வீட்டுக்காரர்களின் கைதூக்கலுக்கு விடக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் இன ஒதுக்கல் சட்டங்களைப் பல பத்தாண்டுகள் எழுதிக் காத்தவை அமெரிக்கத் தென்மாநிலங்களின் சட்டமன்றங்கள்தாம். பெரும்பான்மையின் கொடுமைக்கு அரணாக நிற்க வேண்டியவை நீதிமன்றமும் உரிமைச் சாசனமும். அந்த அரண் வாக்கெடுப்புக்கும் வேண்டும், சட்டமன்றத்துக்கும் வேண்டும். அரணுக்குள் வராத கூலி, விடுப்பு, தொகுதி எல்லை போன்ற விஷயங்களில் மக்களைவிடச் சட்டமன்றம் நியாயமானது என்று காட்ட ஆதாரம் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, தங்கள் சட்டத்தை ரத்து செய்யக் கூடியவர்கள் என்று தெரிந்தே அவர்களை மறுபடி தேர்ந்தெடுத்தது அதே மக்கள்தானே என்று கேட்கலாம். ஆம், தெரிந்தேதான். அதனால் உறுப்பினர்களின் பொது அதிகாரத்தை நான் கேள்வி கேட்கவில்லை. வரியைக் குறைக்கலாம், கூட்டலாம், மக்களிடம் கேட்காத ஆயிரம் சட்டங்களை எழுதலாம். மக்கள் வாயாலேயே பதில் வந்துவிட்ட இடத்தில் மட்டும், மாற்றம் வேண்டுமென்றால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஏற்கனவே அப்படித்தான்: மக்கள் நிறைவேற்றிய சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் கொடுத்தாலொழிய, அவர்கள் ஒப்புதலின்றிச் சட்டமன்றம் திருத்த முடியாது. அரிசோனா மக்கள் 1998இல் இதை ஒத்த ஒரு பாதுகாப்பை எழுதிக்கொண்டார்கள். மிசூரியின் அரசியலமைப்பில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், 2025 ஆகஸ்டில் விடுப்பை ரத்து செய்திருக்க முடியாது. சிறு வணிகரின் சுமை பற்றிய வாதம் மறுபடி மக்கள் முன்னால் வந்திருக்கும். உண்மையிலேயே சுமை பெரிது என்று தெரிந்தால் மக்கள் மாற்றிக்கொண்டும் இருப்பார்கள்.

வாக்கெடுப்பின் முடிவை மாற்ற முடியாத இடத்தில், வெற்றிக்கான வரம்பையே உயர்த்தப் பார்க்கிறார்கள். ஒஹையோவில் கருக்கலைப்புத் திருத்தம் 2023 நவம்பரில் வரவிருந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்டில் அவசரமாக ஒரு தேர்தலை வைத்து, இனி 60 சதவீதம் வேண்டும் என்று கேட்டது சட்டமன்றம். 57 சதவீதம் பேர் முடியாது என்றார்கள். நவம்பரில் திருத்தம் 57 சதவீதத்தை ஒட்டிய ஆதரவோடு வென்றது. புதிய வரம்பு வந்திருந்தால் அது தோற்றிருக்கும், வரம்பு கேட்டதன் நோக்கமும் அதுவே. ஃபுளோரிடாவில் 60 சதவீத வரம்பு 2006லேயே வந்துவிட்டது. அதனால் 2024இல் அங்கே கருக்கலைப்பு உரிமை 57.2 சதவீதம் பெற்றும் தோற்றது. அதே நாளில் அந்த மாநிலத்தில் டிரம்ப் வாங்கியது 56.1 சதவீதம், அதை மாபெரும் வெற்றி என்றார்கள். அரசியலமைப்பை லேசாக மாற்றக் கூடாது என்ற வாதத்தை மதிக்கிறேன், உயர்ந்த வரம்பு எல்லாமே சூழ்ச்சி என்றும் சொல்லவில்லை. ஆனால் வரம்பை உயர்த்தக் கேட்கிறவர்கள், தாங்கள் கேட்கும் அந்த வரம்பை முதலில் தாங்களே எட்ட வேண்டும் என்று விதி வைக்கலாம். 2006இல் ஃபுளோரிடாவில் அந்த 60 சதவீத விதியை ஏற்றவர்கள் 57.8 சதவீதம் பேர்.